கோல்மன் முதல் தடவையிலேயே சரி சொன்ன விவகாரம்

பாலிமுர்ரின்,
சனிக்கிழமை, மழை.

பேரன்புள்ள அட்ராக்டா அக்காவுக்கு,

உன் தம்பி ஜார்லத் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே உயிரோடு இருப்பவர்கள் அனைவரும் சௌக்கியம். பிப்ரவரியில் வந்த உன் போன கடிதத்துக்குப் பிறகு ஊரில் மூன்று பேர் காலமாகிவிட்டார்கள். மூன்று அடக்கத்துக்கும் போய் வந்தேன். அதில் ஒருவரை எனக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் அங்கே சாண்ட்விச் நன்றாக இருந்தது. நீ அனுப்பிய காலுறைகள் வந்து சேர்ந்தன. பெர்த்தில் வெயில் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு உன்மேல் கொஞ்சம் கோபமாக இருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

நாளைக்கு டப்ளினில் ஹர்லிங் இறுதிப் போட்டி. நம்ம மாவட்டத்துப் பையன்கள் மட்டையோடு இறங்குகிறார்கள். நான் போகவில்லை. இதற்குள் கடைக்காரி கன்செப்டா உனக்கு போன் பண்ணி வேறு மாதிரி சொல்லியிருப்பாள் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம்ம மாவட்டம் கடைசியாக இறுதிக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கும், ஏனென்றால் அன்றைக்குத்தான் நீ ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினாய். உன்னை ஷானனில் விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது, பெட்ரோல் பங்கில் யாரோ சொல்லித்தான் தோற்றுப்போனோம் என்று தெரிந்துகொண்டேன். குறை சொல்லவில்லை, ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக மழையிலும் குளிரிலும் நம் கிளப் மைதான வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவன் நான். உள்ளே ஆரவாரம் கேட்கும், கோல் யார் போட்டது என்று வெளியே வருகிறவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். இந்த வருஷம் நம்ம பையன்கள் அரையிறுதியில் ஜெயித்ததும் ஊருக்கே பித்துப் பிடித்துவிட்டது. விளக்குக் கம்பமெல்லாம் கொடி. மேல்தெருக்காரர்கள் தங்கள் ஆடுகளுக்கே மாவட்டத்து வர்ணத்தை அடித்துவிட்டார்கள், அவை தங்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. கிளப்புக்கு வந்த டிக்கெட்டுகளுக்குக் குலுக்கல் போட்டார்கள். என் பெயர் வரவில்லை. அதோடு போயிற்று என்றுதான் நானும் இருந்தேன்.

என் வீட்டில் இந்தக் கோடையில் தங்கியிருப்பது காரினா என்கிற பின்லாந்துக்கார அம்மாள். அவள் ஊரில் பூகோளம் சொல்லித் தருகிறவளாம். நகரத்தில் இருக்கிற மொழிப் பள்ளிக்கு ஆங்கிலம் மேல்வகுப்புப் படிக்க வந்திருக்கிறாள். இலக்கணத்தில் பிழை என்பதே கிடையாது, அதனாலேயே அவள் சொல்வது பாதி நமக்குப் புரியாது. அந்த மேல்வகுப்பில் வெறும் மொழி மட்டும் இல்லை, அயர்லாந்துக்காரர்களின் அன்றாட வாழ்க்கை என்று நம்மையும் ஒரு பாடமாக வைத்திருக்கிறார்கள். மழையைப் பற்றி எப்படிப் பேச வேண்டும், அடக்கத்தில் வரிசையாக நிற்கிற சொந்தக்காரர்களுக்கு எப்படிக் கை கொடுக்க வேண்டும், எதிரே வருகிற காருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை எடுத்துக் காட்ட வேண்டும், இப்படியெல்லாம். ஒரு நாள் வந்து என்னிடம், நீங்கள் தொலைபேசியை வைக்கும் முன் எதற்காக ஏழெட்டு முறை 'பை' சொல்கிறீர்கள் என்று கேட்டாள். ஒரே ஒரு பை சொல்லி வைத்தால், நாம் செத்துப்போய்விட்டதாக எதிராளி நினைத்துவிடுவார் என்றேன். அதை அப்படியே நம்பிவிட்டாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் மாணவர்களுக்கு என்று எங்கிருந்தோ ஒரு இறுதிப் போட்டி டிக்கெட் வாங்கி வந்து சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கிறார்கள். கொடுமை, அது காரினாவுக்கு விழுந்திருக்கிறது. காலையில் நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு இந்த நுழைவுச்சீட்டு கிடைத்துள்ளது. கூட்டமும் இரைச்சலும் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. இதை நீங்கள் எடுத்துக்கொள்ள விரும்புகிறீர்களா?" என்று கேட்டாள்.

அக்கா, என் கை தானாக அதை நோக்கிப் போயிற்று. வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தேன். ஆனால் இந்த வாய் இருக்கிறதே, அம்மா வளர்த்த வாய், அது என்னைக் கேட்காமல் தன் பாட்டுக்குப் பேசிவிட்டது.

"ஐயோ, அதெல்லாம் வேணாம்மா. எனக்கு எதுக்கு? யாராச்சும் சின்னப் பசங்களுக்குக் குடு. எனக்கு முட்டி வேற சரியில்ல, அவ்ளோ படி யார் ஏறுறது?"

நீயே சொல், இதில் நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? ஒரு கோப்பை டீயைக் கூட முதல் தடவை கேட்டதும் யார் வாங்குகிறார்கள்? கேட்கிறவர் இரண்டாம் தடவை கேட்க வேண்டும், நாம் இன்னும் கொஞ்சம் லேசாக வேண்டாம் என்க வேண்டும், மூன்றாம் தடவை அவர் 'அட, எனக்காகவாவது' என்பார், நாம் 'சரி, நீங்க இவ்ளோ சொல்றதால' என்று வாங்கிக்கொள்வோம். முட்டியைச் சொன்னதுகூட அவள் இரண்டாம் தடவை கேட்பதற்கு ஒரு வசதியாக இருக்கட்டும் என்றுதான். 'முட்டியெல்லாம் ஒன்றும் செய்யாது' என்று அவள் ஆரம்பிக்கலாம் அல்லவா? நான் காத்திருந்தேன். ரொட்டிக்கு மறுபக்கமும் வெண்ணெய் தடவினேன்.

"நன்று. புரிந்துகொண்டேன்" என்றாள் காரினா. டிக்கெட்டைப் பைக்குள் வைத்தாள். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுக் கோல்மன் வேலிக்கு அந்தப் பக்கம் களை பிடுங்கிக்கொண்டிருந்தான். கோல்மனை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வந்தவன். வந்து முப்பது வருஷம் ஆகிறது என்றாலும், பக்கத்து மாவட்டத்துக்காரன் பக்கத்து மாவட்டத்துக்காரன்தானே. காரினா வாசலில் நின்று அவனிடம் ஏதோ சொன்னாள். பையைத் திறந்தாள். அவன் கையைக் கால்சட்டையில் துடைத்தான்.

"ஓ, குடுங்க. ரொம்ப சந்தோஷம்" என்றான்.

அவ்வளவுதான். முதல் தடவை. பல் தேய்க்கிற நேரம்கூட ஆகவில்லை. நான் ஜன்னல் திரையைப் பிடித்தபடி நின்றேன், நாய் வந்து என் ரொட்டியைத் தின்றுவிட்டது.

இந்தச் செய்தி நான் சொல்லியா பரவ வேண்டும்? பால் வாங்கப் போனபோது கன்செப்டா கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டாள்.

"நெஜமாவா? ஒரு தடவகூட வேணாங்கலையா?"

"இல்ல."

"ஒரு 'அட, உங்களுக்கு எதுக்கு சிரமம்'?"

"இல்லேங்கறேன்."

"அடக் கடவுளே. பாத்தா நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தாரு." சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். "போன கிறிஸ்மஸுக்கு நான் கேக் குடுத்தப்பவும் ஒடனே கைய நீட்டுனாரு. நான்தான் பசி போலருக்குன்னு விட்டுட்டேன்."

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க இதே பேச்சு. பக்கத்து மாவட்டத்துக்காரன் நம்ம இறுதிப் போட்டிக்குப் போகிறான் என்பதுகூட யாருக்கும் பெரிதாகப் படவில்லை, கேட்ட உடனே வாங்கிக்கொண்டான் என்பதுதான் எல்லாருக்கும் தாங்கவில்லை. அவன் நல்லவன்தான், அவங்க ஊர்ப்பக்கம் வளர்ப்பே அப்படி என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். எனக்காக யாராவது அவனிடம் போய் ஒரு வார்த்தை சொல்வார்களா என்று பார்த்தேன். சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் நம் குடும்பத்தில் எப்போது இருந்தது?

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன். காரினா நல்ல மனசுக்காரி. நான் முட்டியைப் பற்றிச் சொன்னது அவள் மனசில் தங்கிவிட்டது. மறுநாள் வந்து பார்த்தால் என் நாற்காலிக்கு எதிரே ஒரு முக்காலி, அதன்மேல் தலையணை. கொடி கட்டுகிற குழுவிடம் போய், இவர் ஏணியில் ஏறலாகாது என்று சொல்லிவிட்டாள். கொடி கட்டுவது இந்தத் தெருவில் என் வேலை, அக்கா. அதையும் இப்போது கோல்மன் கட்டினான், கொஞ்சம் கோணலாக. அதோடு நின்றாளா? கோயிலில் ஃபாதர் டாலனைப் பார்த்து விவரம் சொல்லியிருக்கிறாள். அவர் ஞாயிற்றுக்கிழமை பூசையில் நோயாளிகளுக்காக ஜெபிக்கிற இடத்தில், பக்கவாதம் வந்த இரண்டு பேருக்கும் ஆபரேஷன் முடிந்த ஒருவருக்கும் நடுவில், 'நமது சகோதரர் ஜார்லத்தின் முட்டிக்காகவும்' என்று வாசித்துவிட்டார். ஊரே திரும்பிப் பார்த்தது. எனக்கு வேறு வழி? வெளியே வரும்போது நொண்ட ஆரம்பித்தேன்.

நொண்டுவது நாம் நினைக்கிற மாதிரி லேசான காரியம் இல்லை. எந்தக் கால் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கோயிலில் இடது, கடையில் வலது என்று ஆகிவிட்டது. கன்செப்டா கூர்ந்து பார்த்துவிட்டு, "அய்யய்யோ, அடுத்த காலுக்கும் எறங்கிடுச்சா?" என்று கண் கலங்கினாள். அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து வீட்டுக்கு, அடுப்பில் சுட்ட ஆப்பிள் பை பலகாரம் வர ஆரம்பித்தது. ஒருத்தர் மாற்றி ஒருத்தர். கொண்டு வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் போனார்கள், போகும்போது எல்லாரும் இதையே சொன்னார்கள்: "நல்லவேள, உனக்கு டிக்கெட்டு கெடைக்கல. இந்தக் காலோட எப்படிப் போயிருப்ப?"

ஆமாம் என்றேன். நல்லவேளை என்றேன்.

பிறகு ஒரு நாள் காரினா பள்ளியிலிருந்து வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. குடையை மடக்கக்கூட இல்லாமல் சமையலறை நடுவில் நின்றாள்.

"இன்று வகுப்பில் ஒரு புதிய பாடம் நடத்தினார்கள். அயர்லாந்து மக்கள் மறுக்கும் முறை பற்றியது. முதல் மறுப்பு மறுப்பு அல்ல என்று ஆசிரியர் கூறினார்."

"அப்படியாம்மா?" என்றேன்.

"அன்று காலை நீங்கள் சொன்ன 'வேண்டாம்' எவ்வகையைச் சேர்ந்தது?"

அக்கா, இப்படி ஒரு கேள்வியை யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்றது வேண்டும் என்பதற்காகத்தான் என்று சொல்லிவிட்டால், பிறகு வேண்டாம் என்று எதற்குச் சொன்னோம்? அதைச் சொல்லாமல் இருப்பதுதானே அதன் மரியாதை?

"அட, அது ஏதோ ஒரு வேணாம். விடும்மா. போனது போச்சு."

"நான் திரு கோல்மனிடம் சென்று அதைத் திரும்பக் கேட்கட்டுமா?"

"ஐயையோ, அதெல்லாம் வேணவே வேணாம்! மானம் போயிடும்!"

அவள் என் முகத்தையே பார்த்தாள். "இந்த 'வேண்டாம்' உண்மையானதா? அல்லது மற்றதா?"

"இது உண்மையானதும்மா."

"ஆனால் மற்றதாக இருந்தாலும் நீங்கள் இதையே அல்லவா கூறுவீர்கள்?"

மொழிப் பள்ளிக்காரர்கள் இந்தப் பாடத்தை முதல் வாரமே வைத்திருக்கலாம். மழையைப் பற்றி எவ்வளவு நாள்தான் நடத்துவார்கள்? அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு வேண்டாததை வேண்டாம் என்று சொல்கிற உரிமையும் போயிற்று. வயிறு நிறைய டீ குடித்துவிட்டு நிஜமாகவே போதும் என்றாலும், "எனக்காகவாவது அருந்துங்கள்" என்று மூன்றாம் தடவை சொல்லி ஊற்றிவிடுகிறாள். பாத்திரம் கழுவ உதவட்டுமா என்று நான் அவளைக் கேட்டால், "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கண்ணை எடுக்காமல் நான் மறுபடி கேட்பதற்காக நிற்கிறாள். ரொம்ப நன்றாகத் தேறிவிட்டாள். ஆனால் டிக்கெட் விஷயத்தில் அது பிரயோஜனப்படவில்லை. டிக்கெட் கோல்மன் வீட்டுக் கணப்புமேடையில் கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று கன்செப்டா சொன்னாள்.

வியாழக்கிழமை கோல்மனே என் வாசலுக்கு வந்தான். கையில் கார் சாவி.

"ஜார்லத், மலைக்கு அந்தப் பக்கம் முட்டிக்கு மந்திரிக்கிறவர் ஒருத்தர் இருக்காராமே. ஏழாவது பிள்ளைக்கு ஏழாவது பிள்ளையாம், அதனால கை பலிக்குமாம். வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

"அட, வேணாம்ப்பா, உனக்கு எதுக்கு..." என்று ஆரம்பித்தேன். பின்னாலிருந்து காரினா, "அவர் வருவார்" என்று சொல்லி என் தொப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

காரில் ஏறி உட்கார்ந்ததும் எனக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. அவனும் நானும் மட்டும், போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். கேட்காமலே வாங்குவதற்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. முதலில் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு வைக்கோல் பற்றி. பிறகு நான் சும்மா, டப்ளினில் ஞாயிற்றுக்கிழமை வெயில் அடிக்கும் என்று ரேடியோவில் சொன்னார்களே என்றேன்.

"ஆமா, சொன்னாங்க" என்றான் கோல்மன். கொஞ்ச தூரம் போனோம். "உண்மையச் சொல்லணும்னா ஜார்லத், எனக்கு உங்க ஹர்லிங்ல அவ்ளோ புடிப்பு ஒண்ணும் இல்ல. அந்தம்மா ஆசையா குடுத்தாங்க, வாங்கிட்டேன். உனக்கு வேணுமா என்ன?"

"சேச்சே. நீ போய்ட்டு வா. பாக்க வேண்டிய ஆட்டம்."

முதலாவது முடிந்தது. பரவாயில்லை, இவனும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறான் என்று நினைத்தேன். ஒரு வளைவு தாண்டினோம்.

"நெஜமாவா சொல்ற? நீதான வருஷம் பூரா அந்த கேட்ல நிக்கிறவன்?"

"அட, இந்த முட்டிய வச்சுக்கிட்டு நான் எங்கப்பா..." என்று ரொம்ப லேசாக, ரொம்பப் பலவீனமாக, ஒரு குழந்தைக்குக்கூடப் புரிகிற மாதிரி இழுத்தேன்.

இரண்டாவதும் முடிந்தது. கோல்மன் வாயைத் திறந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் வாயைத் திறந்துவிட்டான், 'சரி' என்பதற்கு நானும் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு சவ ஊர்வலம் வந்தது. வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம். நீளமான ஊர்வலம். யாரோ ரொம்ப வேண்டப்பட்டவர். கார் கார் கார் என்று வந்துகொண்டே இருந்தது, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினோம். கடைசிக் கார் தாண்டியதும் கோல்மன் என்ஜினை உயிர்ப்பித்தான்.

"யாரா இருக்கும்?" என்றான்.

அதற்குப் பிறகு மந்திரிக்கிறவர் வீடு வரைக்கும் யாராக இருக்கும் என்றே பேசிக்கொண்டு போனோம். எங்கேயோ தூரத்துச் சொந்தம்கூட வந்துவிட்டது. நான் என்ன செய்ய முடியும்? 'நீ மூன்றாவது தடவை கேட்கவில்லையே' என்று ஞாபகப்படுத்தவா முடியும்?

மந்திரிக்கிறவர் டிராக்டரிலிருந்து இறங்கி வந்து, சமையலறையில் என்னை உட்கார வைத்து, எந்தக் கால் என்று கேட்டார். நான் கோல்மனைப் பார்த்தேன். "மொதல்ல எடது, அப்புறம் வலது" என்றான் அவன். இரண்டுக்கும் தனித்தனியாக ஜெபம் சொன்னார். அவருக்கு நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது. நன்றி சொல்லாமல் ஒரு வீட்டை விட்டு வெளியே வருவது எவ்வளவு சிரமம் தெரியுமா? நானும் கோல்மனும் கதவுவரைக்கும் பின்பக்கமாகவே நடந்து, மழையைத் திட்டிவிட்டு வந்தோம்.

ஆகக்கூடி இதுதான் நிலவரம். நாளைக்கு ஆட்டத்தை இங்கேயே டெலிவிஷனில் பார்க்கப் போகிறேன், காலுக்கு முக்காலி, பக்கத்தில் ஆப்பிள் பை. டெலிவிஷனில் எல்லாம் இன்னும் தெளிவாகத் தெரியும், கோல் போட்டவனைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள், மழையில் நனைய வேண்டாம், கழிவறைக்கு வரிசையில் நிற்க வேண்டாம். நானும் யோசித்துப் பார்த்தேன், எனக்கு இந்த வயதில் போக வேண்டும் என்று பெரிய ஆசை எதுவும் இல்லை. கோல்மன் போய்ப் பார்க்கட்டும். அவனும் மனுஷன்தான். கோபம், வருத்தம், பொறாமை எதுவும் கிடையாது, முட்டியில்தான் கொஞ்சம் வலி, அதுவும் எந்த முட்டி என்று சொல்ல முடியாத வலி.

மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். உன் மேலும் உன் வீட்டின் மேலும் ஆண்டவரின் ஆசி எப்போதும் இருக்கட்டும், கூடவே நம்ம மழையில் கொஞ்சம் உங்கள் பக்கமும் பெய்யட்டும். அம்மா கல்லறையில் உன் பெயரால் பூ வைத்தேன்.

என்றும் உன் அன்புத் தம்பி,
ஜார்லத்

பின்குறிப்பு: இதை ஞாயிற்றுக்கிழமை, டப்ளினில் எழுதுகிறேன். கடிதம் தபாலில் சேர்க்காமல் கோட்டுப் பையிலேயே இருந்தது. மேலே எழுதியிருப்பதில் ஆண்டவரின் ஆசி வரைக்கும் உள்ளதை நீ கிழித்துப் போட்டுவிடலாம்.

காலையில் பூசை முடிந்து வந்து செருப்போடு வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். கோல்மன் காரை நிறுத்தி ஜன்னலை இறக்கினான். "ஜார்லத், கெளம்புறேன். கடைசியா கேக்குறேன், வேணுமா?" என்றான். என் வாய் என்ன சொல்லியிருக்கும் என்று உனக்கே தெரியும். "அட, நீ போய்ட்டு வாப்பா." அவன் தலையை ஆட்டினான், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை எடுத்தான், போய்விட்டான். காரினா என் பக்கத்தில்தான் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பின்லாந்துக்காரர்களுக்குப் பேசாமல் இருக்கத் தெரிகிற மாதிரி நமக்குத் தெரியாது. என் கையிலிருந்து கோப்பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அக்கா, நான் ஓடினேன். செருப்பில் ஒன்று ஃபாதர் டாலன் காலடியில் போய் விழுந்தது. தெருக்கோடியில் கோயில் வாசலில் ஊரே இன்னும் நின்று பேசிக்கொண்டிருந்தது. அத்தனை பேர் நடுவிலும், "கோல்மன்! எனக்கு வேணும்! எனக்கு வேணும்டா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். வாழ்க்கையில் அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொல்லி எனக்கு ஞாபகம் இல்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கன்செப்டா ரோட்டிலேயே முழங்காலிட்டுவிட்டாள். மந்திரிக்கிறவர் வீட்டுக்கு இந்நேரம் ஊரிலிருந்து பாதிக் கார்கள் கிளம்பியிருக்கும்.

கோல்மன் நிறுத்தினான். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றான். "மொதல்ல சொல்ல முடியாதுடா" என்றேன். "ஏறு" என்றான். வழி முழுக்க ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரையும் பற்றி அவனே பேசிக்கொண்டு வந்தான். எவனுக்கு எந்தக் கை வாகு, எவன் போன வருஷம் தோளில் அடிபட்டான், எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறான். இவ்வளவு எப்போது படித்தான் என்று தெரியவில்லை.

மைதானத்து வாசலில் டிக்கெட்டை என் கையில் கொடுத்தான். நீ என்ன பண்ணுவ என்றேன். எதாவது டீக்கடைல உக்காந்திருக்கேன் என்றான். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அம்மா வளர்த்த பிள்ளை நான், டிக்கெட்டை அவனிடமே நீட்டினேன்.

"இந்தா, உனக்குக் குடுத்தது. நீயே போ."

"அட, அதெல்லாம் வேணாம்ப்பா" என்றான் கோல்மன்.

முப்பது வருஷத்தில் அவன் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சும்மா சொல்லல, கோல்மன். நீ போ."

"எனக்கு எதுக்கு? நீ போ, நீ போ" என்றான். என்னைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை, அக்கா. உள்ளே போய்விட்டேன்.